பத்துக் குரல்களும் ஒன்பதாம் நம்பர் அறையும்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு இளவரசி ரிசப்ஷன் கம்ப்யூட்டரை ஆன் செய்தபோது, திரையில் வழக்கமாக வரும் ஏரிப் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. அதன் கீழே ஒரு கடிகாரம் எழுபத்திரண்டு மணி நேரத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் கடிகாரம் முடிவதற்குள் பணம் அனுப்புங்கள் என்பதுதான் அதன் சாரம். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் ஆன் செய்தாள். கடிகாரம் நான்கு நிமிடம் குறைந்திருந்தது.

ஏற்காட்டில் ஏரிக்குப் பின்னால் நாகலூர் ரோட்டில் இருக்கும் நூர்பனி லாட்ஜில் இளவரசி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கிளியூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவாள். லாட்ஜ் இருப்பது ஒரு மலை மடிப்புக்குள். அங்கே செல்போன் சிக்னல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் பாதிக்கு மேற்பட்ட புக்கிங் இன்னும் மேசைமேல் இருக்கும் லேண்ட்லைனுக்குத்தான் வரும். கூப்பிடுகிறவர் நம்பர் காட்டாத பழைய போன் அது. பேர், ஊர், எத்தனை பேர், என்ன வேண்டும் என்று கேட்டு இளவரசி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாள்.

மறுநாள் கோடை விழா தொடங்குகிறது. பதினெட்டு அறைகளும் நிரம்பியிருந்தன. யாரால் நிரம்பியிருந்தன என்ற விவரம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருந்தது.

முதலாளியின் ஆபீஸ் அறைக்கு ஓடினாள். அங்கே இருந்த கம்ப்யூட்டரிலும் அதே சிவப்பு எழுத்து. சாப்பாட்டுக் கூடத்தில் பில் போடும் கம்ப்யூட்டரிலும் அதேதான். அப்போதுதான் முந்தின நாள் மாலை வந்த மெயில் அவள் நினைவுக்கு வந்தது.

அந்த மெயிலில் நாலே வரிதான் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும். நாங்கள் இரண்டு பேர். இவனையும் கூட்டி வரலாமா? படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள். இளவரசி அந்தப் படத்தை அமுக்கினாள், திறக்கவில்லை. மூன்று தடவை அமுக்கியும் திறக்கவில்லை. யாரோ குழந்தையின் படமாக இருக்கும் என்று நினைத்து, படம் தெரியவில்லை, ஆனாலும் தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஒன்பதாம் நம்பர் அறை உங்களுக்கு என்று பதில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், சிக்னல் கிடைத்ததும் அந்த மெயிலைத் தேடி முதல் வேலையாக அழித்தாள்.

லாட்ஜின் முதலாளி சையத் இப்ராஹிமுக்கு ஐம்பத்தைந்து வயது. புதிதாக எது வந்தாலும் வாங்கிப் பார்க்கும் ஆசை உண்டு. அதன் கூட வரும் காகிதத்தைப் படிக்கும் பொறுமை கிடையாது. எட்டு மணிக்கு அவர் வந்ததும் இளவரசி மேசையைச் சுற்றி வந்து எதிரில் நின்றாள்.

"அண்ணா, தப்பு என்னுதுங்க. நேத்து சாயங்காலம் ஒரு மெயில் வந்துச்சுங்க, படத்தப் பாருங்கன்னு. மூணு தடவ அமுக்கிட்டேன். காலைல வந்து பாத்தா மூணு கம்ப்யூட்டரும் போச்சுங்க."

அவர் அவளைப் பார்த்தார். திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டெபினுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இளவரசிக்குத் தோன்றியது.

ஸ்டெபினுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து சேர்ந்தான். உள்ளே நுழைந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று கம்ப்யூட்டரின் நெட் ஒயரையும் பிடுங்கினான். அப்புறம்தான் விளக்கினான். மூன்றும் ஒரே ஒயரில் இணைந்திருப்பதால், ஒன்றுக்குள் நுழைந்த வைரஸ் மற்ற இரண்டுக்கும் தாவிவிட்டது. பணம் கட்டவே கூடாது, கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிவப்பு அறிவிப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு, 1930க்குப் போன் செய்து, சைபர் கிரைம் போலீசிடம் புகாரைப் பதிந்தான். தனியாக ஏதாவது நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டான். இளவரசி ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் செருகியிருந்த பென் டிரைவைக் காட்டினாள். அது எப்போதும் அங்கேயே செருகியிருக்கும். அதற்குள் இருந்ததும் பூட்டப்பட்டிருந்தது.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டபோது மெயில் கதையை மறுபடியும் சொன்னாள்.

"படத்தப் பாருங்க, பில்லப் பாருங்கன்னுதான்க்கா வரும்," என்றான் ஸ்டெபின். "எதுக்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் பாக்கறேன்."

மூன்று பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

இணையத்தில் புக் செய்தவர்கள் ஏழு பேர். அந்த விவரம் செல்போனிலேயே கிடைத்தது, எழுதிக்கொண்டார்கள். மீதிப் பதினோரு அறைக்கு வரப்போகிறவர்கள் யார், யாருக்கு எந்த அறை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் லேண்ட்லைன் அடிக்க ஆரம்பித்தது. ரூம் இருக்கா, ரூம் இருக்கா என்று எல்லாரும் கேட்டார்கள். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் இளவரசி ஒவ்வொருவரையும் அப்புறம் கூப்பிடச் சொன்னாள்.

துவைத்த படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்த ராணி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். ராணிதான் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேஸ்திரி, லாட்ஜ் கட்டின நாளிலிருந்து இருப்பவள். நடந்ததை முழுவதும் கேட்டாள்.

"பேரு போனா போச்சு. நீதான் கொரலு மறக்க மாட்டியே. எங்க கொழுந்தன் நாலு வருசம் கழிச்சுக் கூப்பிட்டு அல்லோன்னு சொன்னதும், தலைச்சோலை ஊருக்காரருங்களான்னு கேட்டவ நீ. ஒக்காந்து நெனச்சுப் பாரு."

இளவரசி உட்கார்ந்தாள். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பெயர்கள் உண்மையாகவே வரவில்லை. தினம் முப்பது பேரிடம் பேசுகிறவளுக்குப் பெயர் காதில் தங்காது, கைவழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஆனால் கண்ணை மூடினால் குரல் வந்தது. 'ச' வரும்போதெல்லாம் விசில் அடிக்கும் ஒருவர். அறைக்குள் குரங்கு வருமா என்று மூன்று தடவை கேட்டவர் அவர். அதனால் மரக்கிளை எட்டாத நான்காம் நம்பரைக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பிறகு கடுகு தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே பேசிய ஒரு பெண். கைக்குழந்தைக்குப் பால் சூடாக்க வேண்டும் என்றாள், சமையல் கூடத்துக்குப் பக்கத்து அறை. பின்னணியில் நூற்றுக்கணக்கான கோழிகள் கத்திக்கொண்டிருக்க, அதைவிடச் சத்தமாகப் பேசிய ஒரு நாமக்கல்காரர். மாடிப்படி ஏற முடியாது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்ன கனமான குரல். போனைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசிய ஒரு கல்லூரிப் பெண். அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம், கேக் வாங்கி வைக்க வேண்டும், அவர்களுக்குத் தெரியக் கூடாது.

ராணி பக்கத்தில் நின்று, ஒவ்வொரு குரலுக்கும் எந்த அறையில் என்ன தயார் செய்யும்படி இளவரசி சொல்லியிருந்தாள் என்று தன் பங்குக்கு எடுத்துக்கொடுத்தாள். ஐந்தில் ஒரு கூடுதல் படுக்கை, பன்னிரண்டில் கட்டிலைச் சுவரோரம் தள்ளியது. மத்தியானத்துக்குள் பத்துக் குரல்கள் தாளில் வந்துவிட்டன.

பதினொன்றாவது அறை ஒன்பதாம் நம்பர். அது அந்த மெயிலுக்குக் கொடுத்தது. வைரஸ் அனுப்புகிறவன் ஏற்காட்டுக்கா வரப்போகிறான் என்று ராணி சிரித்தாள். இளவரசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது காலிதான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மாலையில் ஸ்டெபின் கடைக்குப் போய்விட்டு வந்தவர், அப்போதும் எதுவும் பேசவில்லை. அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். ஏதோ சொல்ல வருகிறவர்போல் நின்று, மழை வரும்போல இருக்கிறது, குடை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் போன் வந்தது. அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம், ஒரு மணி நேரத்தில் மேலே வந்துவிடுவோம், ரூம் ரெடியாக இருக்குமா என்று ஒருவர் கேட்டார். 'ச' வந்த இடத்தில் விசில் கேட்டது.

"ரெடிங்க சார். நாலாம் நம்பருங்க. அந்த ஜன்னலுக்குக் குரங்கு வராதுங்க," என்றாள் இளவரசி.

உடனே அவர், போனைக் கையால் பொத்தாமலேயே, பக்கத்தில் இருந்த யாரிடமோ, நல்ல லாட்ஜ்டி, எல்லாம் ஞாபகம் வெச்சிருக்காங்க என்று பெருமையாகச் சொன்னது கேட்டது.

அதன்பிறகு கார்கள் வரத் தொடங்கின. வருகிறவர்களிடம் முதலில் பெயரைக் கேட்பதற்குப் பதில், பயணம் எப்படி இருந்தது, கொண்டை ஊசி வளைவில் யாருக்காவது தலை சுற்றியதா என்று இளவரசி பேச்சுக் கொடுத்தாள். இரண்டு வாக்கியம் போதுமானதாக இருந்தது. நாமக்கல்காரரைக் கோழிகள் இல்லாமல் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள். அவர் டிரைவரை அழைக்கச் சத்தம் போட்டபோது தெரிந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி நேரே சமையல் கூடத்துக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போகப்பட்டாள். கல்லூரிப் பெண் பெற்றோருக்குப் பின்னால் நின்றாள். ரொம்ப நேரம் ஆகுமா என்று அவள் கேட்ட ஒரு கேள்வியிலேயே ஆளைப் பிடித்துவிட்ட இளவரசி, சாவியைக் கொடுக்கும்போது, "அது பிரிஜ்ஜுல இருக்குது, கண்ணு," என்று உதட்டசைவில் சொன்னாள். பெண்ணின் முகம் மலர்ந்தது.

ஒரு தவறு நடந்தது. மாடிப்படி ஏற முடியாதவர் என்று நினைத்து ஒருவரைத் தரைத்தளத்துக்கு அனுப்பினாள். வந்தவர் அவருடைய தம்பி. அண்ணன் பின்னால் அடுத்த காரில் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே குரல். ராணி ஓடிப்போய் மாற்றிவிட்டு வந்தாள்.

ஒரு மணிக்கு, ஊர் முழுக்க அறை தேடிக் களைத்த ஒரு தர்மபுரிக் குடும்பம் உள்ளே வந்தது. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் சோபாவில் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டன. இப்ராஹிம் ஒன்பதாம் நம்பர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு ஒரு சிறிய வெள்ளைக் கார் வாசலில் நின்றது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆண், அவன் மனைவி, அவர்களோடு பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய நாட்டு நாய். இளவரசி வழக்கம்போல, மழை வழியில பிடிச்சுக்கிச்சுங்களா என்று கேட்டாள். அவன் புன்னகைத்துக் காதைத் தொட்டுக் காட்டிக் கையை அசைத்தான். மனைவியும் அப்படியே செய்தாள். பிறகு செல்போனை எடுத்துத் தேடி, மேசைமேல் வைத்து அவள் பக்கம் திருப்பினான்.

அந்த நாலு வரி மெயில். அதற்குக் கீழே அவளுடைய பதில்: தாராளமாகக் கூட்டி வாருங்கள். அதற்குக் கீழே, இணைத்து அனுப்பிய படம். புல்தரையில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இந்த நாய்.

இளவரசி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு தாளை எடுத்து, மன்னிக்கவும், ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள் என்று எழுதிக் காட்டினாள். அவன் அதன் கீழே, பரவாயில்லை, நான் கோபி, இவள் கீர்த்தனா, இவன் ஜிலேபி, ஈரோட்டிலிருந்து வருகிறோம், நாளை நாய்க் கண்காட்சியில் இவன் கலந்துகொள்கிறான் என்று எழுதினான்.

சுத்தம் செய்த ஒரு கம்ப்யூட்டரைத் திரும்ப மாட்டுவதற்காக ஸ்டெபின் அப்போது அங்கேதான் மேசைக்கு அடியில் படுத்திருந்தான். இளவரசி அவனை வெளியே அழைத்துப் படத்தைக் காட்டினாள்.

"இது சும்மா போட்டோதான்க்கா. புது போன்ல எடுக்கற படம் வேற மாதிரி சேவ் ஆகும், நம்ம பழைய கம்ப்யூட்டர்ல திறக்காது. இதுல வைரஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல." அவன் தயங்கி, மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதலாளியைப் பார்த்தான். "அண்ணா, நீங்க இன்னும் சொல்லலிங்களா?"

இப்ராஹிம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான்தாம்மா," என்றார். "புதன்கெழம விழாவுக்குப் பேனர் டிசைன் பண்ணலாம்னு ஒரு சாப்ட்வேர எறக்கினேன். ஆயிரக்கணக்குல விக்கிறது, சும்மா கெடச்சுது. வைரஸ் காவல் என்னமோ தடுக்குது, அத நிறுத்தட்டுமான்னு கம்ப்யூட்டரு கேட்டுச்சு. நிறுத்துன்னு நானே அமுக்கினேன். அதுலதான் வந்துருக்குதுன்னு நேத்து சாயங்காலமே ஸ்டெபின் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டான்."

இளவரசிக்கு முதலில் நிம்மதி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு கோபம் வந்தது.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ராத்திரி நான் தூங்கியிருப்பனுங்கண்ணா."

"சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். பதினோரு வருசத்துல நீ ஒரு தப்புப் பண்ணி நான் பாத்ததில்ல. அப்படியாப்பட்டவ வந்து என் தப்பத் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டு நின்னப்ப, எனக்கு வாய் வரல. கேவலமான வேல பண்ணிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

தரை துடைக்க வந்திருந்த ராணி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். ஸ்டெபின் மறுபடியும் மேசைக்கு அடியில் போய்விட்டான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இளவரசிக்குக் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் வாசலில் மூன்று பேர், அதில் ஒருவன் வாலை ஆட்டிக்கொண்டு, அறைக்காகக் காத்திருந்தார்கள்.

"அதப் பொறவு பேசிக்கலாமுங்க. இவங்கள எங்க தங்க வெக்கறது? ஒன்பதுல கொழந்தைங்க தூங்குது."

இப்ராஹிம் சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் ஆபீஸ் அறைக் கதவைத் திறந்தார். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒயர்க் குவியல் எல்லாம் ஸ்டெபின் கடைக்குப் போய்விட்டதால் அறை பாதி காலியாக இருந்தது. தரைத்தளம். உள்ளேயே குளியலறை. லாட்ஜிலேயே பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும் ஒரே ஜன்னல் அங்கேதான் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தார்.

மேசையை அவரும் ஸ்டெபினும் வெளியே தூக்கினார்கள். மெத்தையை இப்ராஹிம் யாரிடமும் கொடுக்காமல் தானே தலையில் வைத்துச் சுமந்து வந்தார். ராணி புது விரிப்பைப் போட்டு, நாய்க்கு மூலையில் பழைய கம்பளியை விரித்தாள். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கீர்த்தனா ஜன்னலருகே போய் நின்றாள். பனி விலகிச் சேலம் பக்கத்துச் சமவெளி கீழே வெளிச்சமாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிக் கணவனிடம் கைகளால் நீளமாக ஏதோ சொன்னாள். என்னவென்று இளவரசிக்குப் புரியவில்லை. ஆனால் அறை பிடித்துவிட்டது என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்று மாலை கேக் வெட்டும்போது எல்லா அறைக்காரர்களும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கேக் சிறியது. ராணி அதை முப்பத்திரண்டு துண்டாக வெட்டினாள். இளவரசிக்கு யாருடைய பெயரும் தெரியாது, குரலை வைத்துத்தான் சாவி கொடுத்தாள் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. நாமக்கல்காரர் நம்பவில்லை. அவளைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். அவள் வரிசையாக அறை நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் தம்பியிடம் மட்டும் மறுபடியும் தோற்றாள். கடைசியாக யாரோ குழந்தைபோல் கீச்சுக் குரலில், ரூம் இருக்குங்களா என்று கேட்டார்கள்.

"அண்ணா, நீங்க போய்ச் சாப்புடுங்க," என்றாள் இளவரசி திரும்பாமலே. கூடம் சிரித்தது. இப்ராஹிமும் சிரித்தார். அவளுக்கு மிச்சமிருந்த கோபம் அந்த இடத்தில்தான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாய்க் கண்காட்சிக்கு லாட்ஜில் தங்கியிருந்த பாதிப் பேர் போனார்கள். வெளிநாட்டு நாய்களின் உரிமையாளர்கள் தொண்டை கிழியக் கத்திக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த மைதானத்தில், கோபி விரலை மட்டும் அசைத்தான். ஜிலேபி உட்கார்ந்தது, படுத்தது, உருண்டது, இருபதடி தள்ளிப் போய்த் திரும்பி வந்து கீர்த்தனாவின் காலடியில் நின்றது. மூன்றாம் பரிசுதான் கிடைத்தது. நூர்பனி கும்பலின் கைதட்டலைக் கேட்ட நடுவர், கோப்பையை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் தாளைப் புரட்டினார்.

பூட்டப்பட்ட கோப்புகள் திரும்பி வரவேயில்லை. திங்கட்கிழமை காலை ஸ்டெபின் கடையில் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. அவன் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெட்டியையும் துடைத்துப் புதிதாக எல்லாம் ஏற்றினான். தினமும் வேலை முடிந்ததும் நகல் எடுத்து, எடுத்த பென் டிரைவைக் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும் என்று இளவரசிக்குச் சொல்லிக் கொடுத்தான். முதலாளியின் கம்ப்யூட்டரில் இனி எதை இறக்குவதானாலும் அவனுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு கேட்கும். அப்படிச் செய்யச் சொன்னதே இப்ராஹிம்தான். ஆபீஸ் அறையை அவர் திரும்பக் கேட்கவில்லை. அவருடைய மேசை மாடிப்படிக்குக் கீழே போயிற்று.

கோபியும் கீர்த்தனாவும் அன்று காலை கிளம்பினார்கள். மறுபடியும் வாருங்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று இளவரசி தாளில் எழுதிக் கேட்டாள். கீர்த்தனா இரண்டு கைகளாலும் மெதுவாகச் செய்து காட்டினாள். இளவரசி அதைப் பார்த்துத் தானும் செய்தாள். கோபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் போனில் எழுதிக் காட்டியதைப் படித்தபோது, மறுபடியும் குளியுங்கள் என்று தான் சொல்லியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ராணி முன்னால் வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே தடவையில் சரியாகச் செய்தாள். இளவரசி அவள் கையைப் பார்த்து மறுபடியும் முயன்றாள். இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் வந்ததோ, காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த ஜிலேபி கீழே குதித்து வந்து அவள் முன்னால் படுத்துக்கொண்டது.